‘இது கேமே இல்லை’: கண்காட்சிக்குப் பிறகு நடந்தவை பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கண்காட்சிக்காக எங்கள் கணினிக் கழக மாணவர்கள் செய்த விளையாட்டுகளில் ஒன்றைச் சுற்றி ஏதோ பிரச்சினையாம் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு, பலர் அலுவலகத்துக்கு போன் எடுக்கிறீர்கள். அந்த மாணவியும் அவரது பெற்றோரும் சம்மதித்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன். யார், எவர் என்று தயவுசெய்து துருவ வேண்டாம்.

மாணவி ஸ்க்ராட்ச் என்ற, பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் மென்பொருளில் செய்த விளையாட்டு இதுதான்: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. லிஃப்ட் பழுது. ஒரு சிறுமி மரக்கறிப் பையோடு படியேறுகிறாள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு. தட்டினால் உள்ளே இருப்பவர் தன் ஊரைப் பற்றி ஏதாவது சொல்வார். தட்டாமலும் போகலாம். புள்ளி இல்லை, நேரக் கணக்கு இல்லை, தோற்பதற்கு வழியே இல்லை. நானும் ஏறிப் பார்த்தேன். நாலாம் மாடி ஆச்சியின் கதை கொஞ்சம் நீளம். மற்றபடி எனக்குப் பிடித்திருந்தது.

தரம் 10 மாணவர்கள் சிலர், “இது கேமே இல்லை, மிஸ். வெல்லவும் முடியாது, தோற்கவும் முடியாது” என்றார்கள். இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கேள்வி அது. பாம்பும் ஏணியும் ஆடும்போது தாயக்கட்டை விழுகிறபடிதான் போகிறோம், நாமாக எதையும் முடிவு செய்வதில்லை. தட்டாமாலை சுற்றுவதில் வென்றவர் யார்? இரண்டையும் விளையாட்டு என்றுதானே சொல்கிறோம்? இதை வைத்து ஒரு பாடவேளை முழுக்க வாதாடினார்களாம். ஆசிரியர் தடுக்கவில்லை, நானும் தடுத்திருக்க மாட்டேன்.

இதே வாதத்தைப் பெரியவர்கள் நீதிமன்றம் வரை கொண்டு போயிருக்கிறார்கள். 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர், பார்க்க வருபவர்கள் சலிப்படையாமல் இருக்க அலைகாட்டி (மின்னலைகளைக் காட்டும் கருவி) திரையில் ஒரு டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். பிற்காலத்தில் வீடியோ கேம் காப்புரிமை வழக்கொன்றில், அந்தக் காப்புரிமை செல்லாது, அதற்கு முன்பே வீடியோ கேம் இருந்தது என்று காட்ட நின்டெண்டோ நிறுவனம் அதை எடுத்துக்காட்டியது. அதில் வீடியோ சமிக்ஞையே இல்லை, ஆகவே அது வீடியோ கேம் ஆகாது என்றது நீதிமன்றம். பணத்துக்காக நடந்த வாதம்தான். ஆனாலும் அதற்காக யாரும் ஹிகின்போதமுக்கு நடுராத்திரியில் போன் எடுத்து ஏசியதாக நான் கேள்விப்படவில்லை.

2012, 2013 வாக்கில் டியர் எஸ்தர், கோன் ஹோம் போன்ற கேம்கள் வெளிவந்தன. ஒன்றில் ஆளில்லாத தீவில் நடக்கிறோம், மற்றதில் வெறும் வீட்டில் கடிதங்களைப் படித்துக்கொண்டு அறை அறையாகப் போகிறோம். சுடுவதற்கு ஒன்றும் கிடையாது. ‘இதெல்லாம் கேமா?’ என்று அப்போதும் பெரிய சண்டை. இன்று அவை ஒரு தனி வகையாகவே விற்பனையாகின்றன.

2013இல் வந்த டிப்ரஷன் க்வெஸ்ட் என்ற கேம் மனச்சோர்வைப் பற்றியது, பெரும்பாலும் எழுத்துதான். அதைச் செய்தவர்களில் ஒருவர் ஸோயி க்வின். ‘இது கேம் இல்லை’ என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. 2014 ஓகஸ்டில் அவருடைய முன்னாள் காதலர் இணையத்தில் எழுதிய ஒரு நீண்ட குற்றச்சாட்டு பரவியது. ஒரு பத்திரிகையாளருடன் பழகி நல்ல விமர்சனம் வாங்கிவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். அந்தப் பத்திரிகையாளர் அந்த விளையாட்டுக்கு விமர்சனமே எழுதியிருக்கவில்லை. அது யாருக்கு வேண்டும்? முகவரியை வெளியிட்டார்கள், கொலை மிரட்டல் விட்டார்கள், க்வின் வீட்டில் இருக்க முடியாமல் போனது. கேமர்கேட் என்று பெயர் பெற்ற அந்த விவகாரம் அவரோடு நிற்கவில்லை. கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை விமர்சித்து வந்த அனிதா சர்கீசியன் அதே ஆண்டு ஒக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகமொன்றில் பேச இருந்தார். துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்று மிரட்டல் வந்ததால் அந்தக் கூட்டத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

எங்கோ நடந்ததை ஏன் இழுக்கிறேன் என்றால், எங்கள் பிள்ளைகளிடமும் அதே வரிசையில்தான் நடந்தது. முதலில் ‘இது கேம் இல்லை’. அப்புறம் ‘பெண்பிள்ளை என்பதால் பரிசு கொடுத்துவிட்டார்கள்’. எங்கள் கண்காட்சியில் யாருக்கும் பரிசே கொடுக்கவில்லை! அதன் பிறகு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் மாணவியின் முகத்தை ஒட்டிய ஸ்டிக்கர்கள். அடுத்து, ஃப்ரீ ஃபயர் என்ற சுடும் கேமை விளையாடுபவர்களின் வேறொரு குழுவில் யாரோ அவருடைய நம்பரைப் போட, முன்பின் தெரியாத ஆண்களிடமிருந்து இரவு பத்து மணிக்குப் பிறகு அழைப்புகள்.

சம்பந்தப்பட்ட மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் தனித்தனியாகச் சந்தித்துவிட்டேன். நடவடிக்கை என்ன என்பது எங்களுக்குள் இருக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லலாம்: வகுப்பில் ‘இது கேம் இல்லை’ என்று கடுமையாக வாதாடிய ஒரு மாணவனுக்கு ஸ்டிக்கர் வேலையில் எந்தப் பங்கும் இல்லை. அவன்மீது ஒரு நடவடிக்கையும் இல்லை. இன்னமும் அப்படித்தான் நினைக்கிறானாம், நினைக்கட்டும்.

“பையன்கள் விளையாட்டாகச் செய்தது, பெரிதாக்காதீர்கள்” என்று சில பெற்றோர் கேட்டார்கள். வெளியாட்களிடம் ஒரு பிள்ளையின் நம்பரைக் கொடுப்பது விளையாட்டு அல்ல. இன்னும் சிலர், “அந்தப் பிள்ளையின் கேமை எடுத்துவிட்டால் அடங்கிவிடுமே” என்றார்கள். எடுக்க மாட்டோம். அது கணினி அறையில் இருக்கும், கழகமும் நடக்கும். போனைப் பறிப்பதும் நம்பரை மாற்றச் சொல்வதும் அடி வாங்கிய பிள்ளைக்கே தண்டனை கொடுப்பதாகும். அதற்குப் பயந்துதான் பல பெண்பிள்ளைகள் வீட்டில் வாயே திறப்பதில்லை.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஏதாவது வந்தால், முதலில் திட்டாமல் கேளுங்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். நம்பரும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகு பிளொக் செய்யலாம். பதில் எழுத வேண்டாம். குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை வட்ஸ்அப் அமைப்புகளில் மாற்றிவிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. கணக்கை யாராவது கைப்பற்றினாலோ போலிக் கணக்கு திறந்தாலோ இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101க்கு அழைக்கலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அது கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று சொல்பவர்களின் கவலை எனக்கும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பொலிசில் கொண்டு நிறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் வெளியாட்கள் சம்பந்தப்பட்ட விடயத்தில் முறைப்பாடு செய்வது மாணவியின் பெற்றோரின் உரிமை. பாடசாலை அவர்களோடு நிற்கும்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பிரதான மண்டபத்தில் தரம் 9, 10 பெற்றோருக்குக் கூட்டம். அப்பாமாரும் கட்டாயம் வர வேண்டும். வழக்கமாக அம்மாமார்தான் வருகிறீர்கள். ஆனால் இரவில் பையனோடு சேர்ந்து கேம் விளையாடுவது பல வீடுகளில் அப்பாதான். அந்தக் குழுக்களில் பேசப்படுவது அவர்களுடைய காதில்தான் முதலில் விழும்.

இப்படிக்கு,
அதிபர்