பிரிஸ்டலிலிருந்து அப்பா

அன்புள்ள கயல்,

"எல்லாப் பாட்டும் போன்லயே கிடைக்குதே அப்பா, இந்த வயசுல எதுக்குத் தனியா கார் ஓட்டிட்டு அலையறீங்க?" என்று போன வாரம் கேட்டாய். அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது பிரிஸ்டலில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஸ்டேட் ஸ்ட்ரீட். தெருவின் நடுக்கோடுதான் எல்லை. இந்தச் சாரி வர்ஜீனியா, எதிர்ச்சாரி டென்னசி.

1927 கோடையில் விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் இந்தத் தெருவில் ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் 'கார்ட்டர் குடும்பம்' என்று பேர்பெற்ற ஏ.பி. கார்ட்டரும் மனைவி சாராவும் தம்பி மனைவி மேபெல்லும் மலையிலிருந்து இறங்கி வந்து நாட்டுப்பாடல்கள் பாடினார்கள். மேபெல்லுக்கு அப்போது பதினெட்டு வயது, பிள்ளைத்தாய்ச்சி. இரண்டு நாளில் ஆறு பாட்டு. இதெல்லாம் உனக்குப் போனிலேயே கிடைத்துவிடும், சரி.

நான் சொல்ல வந்தது லெஸ்லி ரிடில் பற்றி. கறுப்பினத்தவர், கிதார் வாசிப்பவர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு கால் போய்விட்டது. ஒற்றைக் காலோடு ஏ.பி.யுடன் மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார். மெட்டு முழுக்க ரிடிலின் நினைவில். வீடு திரும்பியதும் அவர் வாசித்துக் காட்ட, சாராவும் மேபெல்லும் பிடித்துக்கொள்வார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத அமெரிக்கத் தெற்கு அது. பாட்டுகள் ஏ.பி. பெயரில் பதிவாயின. 1965-இல் நாட்டுப்புற இசைக்கலைஞர் மைக் சீகர் தேடிப்போய்ப் பார்த்தபோது, ரிடில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்தார். அந்த மெட்டுகளில் பலவற்றைச் சுமந்து வந்தவர் இவர் என்று வெளியே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் ஒரு மெட்டைக் கற்றால் கொடுத்தவர் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போகிறேன்.

நேற்று சனிக்கிழமை, ஹில்டன்ஸ் என்ற ஊரில் கார்ட்டர் ஃபோல்டுக்குப் போனேன். ஏ.பி.யின் மகள் ஜேனட் தொடங்கிய அரங்கு. மின்கருவி கிடையாது. எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி எழுந்து ஆடினாள். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. ஷூ மட்டும் ஃபிடிலோடு, அதாவது வயலினோடு, பேசிக்கொண்டிருந்தது.

அப்புறம், உன்னிடம் சொல்லாத ஒன்று. உன் பத்தாவது பிறந்தநாளன்று நான் வர்ஜீனியாவில் கேலக்ஸ் என்ற ஊரில் இருந்தேன். அங்கே ஆகஸ்டில் ஃபிடில்காரர்கள் கூடுவார்கள், 1935-இல் தொடங்கிய வழக்கம். கேக் வெட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றேன், வரவில்லை. கார் ரிப்பேர் என்று அம்மாவிடம் சொன்னேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை கண்ணு.

கிளம்பும் நேரத்தில் மழை. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு பெரியவர், தோல் முகப்பில் கம்பி கட்டிய தன் பாஞ்சோவை அடுப்புச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தார். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டதாம். நம் ஊரில் பறையைத் தீயில் காய்ச்சுவார்களே, அதேபோல் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசித்த கருவியின் வழியில் வந்தது பாஞ்சோ என்று முன்பே படித்திருந்தேன். அந்தச் சூட்டருகே நின்றபோதுதான் உறைத்தது. தோல் விறைத்ததும் ஆட்காட்டி விரல் நகத்தின் முதுகால் கம்பியைக் கீழ்நோக்கி அடித்தார். கட்டைவிரல் மட்டும் அந்தக் குட்டை ஐந்தாம் கம்பியை விடாமல் மீட்டியது, தம்புராவின் சுருதிபோல. தன் அம்மாவிடம் கற்ற மெட்டு என்றார். என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். விரலுக்குப் படிந்தபோது மணி இரண்டு.

அந்த மெட்டை விடவும் முடியவில்லை, உன் எதிரில் வாசிக்கவும் முடியவில்லை. இத்தனை வருடம் நீ தூங்கிய பிறகுதான் வாசித்தேன்.

இந்த ஆகஸ்டில் கேலக்ஸ் போகவில்லை. சியாட்டிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், உன் பிறந்தநாளுக்கு முந்தின நாள் வந்து இறங்குகிறேன். அந்த மெட்டை உன் சமையலறையில் உட்கார்ந்து வாசிக்கிறேன். அவர் பெயரையும் அப்போது சொல்கிறேன். விமானத்தில் பாஞ்சோவைக் கையோடு கொண்டுவர விடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா