பழைய இலக்கத்துக்கு இனி எடுக்க வேண்டாம், அம்மா

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கும்போதெல்லாம் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது என்று பயந்து எழுதியிருந்தீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். போனது தொலைபேசி இணைப்பு மட்டுந்தான்.

வேகமான இணையம் பூட்டித் தருவதாகச் சொன்ன நிறுவனம் நாளைத் தள்ளிக்கொண்டே போனதால் அந்த ஓடரை ரத்துச் செய்யச் சொன்னேன். அவர்கள் அதனோடு வீட்டுத் தொலைபேசியையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். தங்கள் பிழைதான் என்கிறார்கள். ஆனாலும் திருப்பித் தர வழியில்லையாம். 2023 செப்டெம்பருக்குப் பிறகு இங்கே பழைய செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்பைப் புதிதாக எவருக்கும் கொடுப்பதில்லை, 2027 ஜனவரி முடிவோடு எல்லோருக்குமே நிறுத்தப் போகிறார்கள்.

பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்ததால், வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்திலும் மணி அடித்தது. புதியதை இணையப் பெட்டியின் பின்னால் செருக வேண்டும். கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி கழுத்தில் ஒரு பொத்தான் கட்டியிருக்கிறார். விழுந்தால் அதை அழுத்த வேண்டும், அது வீட்டுத் தொலைபேசி வழியாக உதவிக்கு ஆட்களைக் கூப்பிடும். இணைப்பை மாற்றும் முன் அந்தப் பொத்தான் வேலை செய்யுமா என்று தொலைபேசி நிறுவனத்திடம் உறுதியாகக் கேட்டு அவருக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரு போத்தல் அப்பிள் ஜாம் தந்தார்.

2009 இல் செட்டிகுளம் அகதி முகாமை விட்டு வந்த அன்று மாமா முதலில் எடுத்தது அந்த இலக்கத்துக்குத்தான். அப்பா கடைசியாகப் பேசியதும் அதில்தான். இரவு வேலையும் சேர்த்து எடுத்திருப்பதால் விடியத்தான் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறந்ததும் காது அந்த மூலைக்கே போகிறது. உங்கள் குரலுக்குப் பின்னால் முற்றத்துக் கோழி கத்துவதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது, அம்மா. புது இணைப்பை ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

இனி ஞாயிறு காலைகளில் தங்கச்சியின் கைத்தொலைபேசிக்கு நானே எடுப்பேன். பெரியம்மா பக்கத்து எல்லை வேலியை, நில அளவையாளர் வந்து அளக்கும்வரை அடைக்க விடாதீர்கள். கதியால் ஒன்றுகூட நகரக் கூடாது. காணி உறுதியை எவர் கேட்டாலும் பிரதி மட்டும் காட்டுங்கள். தங்கச்சியின் குறிப்பைச் சாத்திரியாரிடம் கொடுக்கும் முன் அவளுடைய விருப்பத்தைக் கேளுங்கள். கிணற்றுக்கட்டுக்கான காசு மாசி நடுவில் வரும். மேசனிடம் அதற்கு முன் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்