பஞ்சுவுக்குச் சிக்கெடுத்த கதை

கோயம்புத்தூர்,
ஆடி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. உன் தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, நேற்றுதான் வாக்கரை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். சமையலும் பாத்திரமும் என் பொறுப்பு, அதான் தாமதம். இங்கே ஆடிக்காற்று காகிதத்தையெல்லாம் பறக்கவிடுகிறது, கூடவே பூனை முடியையும்.

மகள் வெளிநாடு போகும்போது பெர்சியன் பூனையை உன் தலையில் கட்டிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகன் பஞ்சுவை என்னிடம் தள்ளிவிட்டதும் இதே கதைதான். தஞ்சாவூர் வெயிலுக்குப் பாவமாக இருக்கிறது, மொட்டை அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. மொட்டை அடித்தால் பழையபடி முடி வளரப் பல மாதம் ஆகும், அதுவரை வெயிலும் கொசுவும் நேராகத் தோலில் விழும். சிக்கில்லாத முடிக்குள் காற்று புகும், சடை விழுந்த முடிக்குள்தான் புகாது. மதியத்தில் ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் படுக்கவிடு. சப்பை மூக்கு ஆனதால் அதற்கு மூச்சு சீக்கிரம் வாங்கும். வாயைத் திறந்து மூச்சு இரைத்தால் மட்டும் யோசிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.

முதுகைத் தடவினால் பட்டுப்போல இருக்கிறது, சிக்கே இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். முதுகை விடு. முன்னங்கால் அக்குள், காதுக்குப் பின்னால், வயிறு, தொடையின் உள்பக்கம், வாலுக்கு அடியில், இங்கேயெல்லாம் விரலைத் தோல்வரைக்கும் விட்டுப் பார். மேலே பஞ்சுமிட்டாய், அடியில் கம்பளித் துண்டு என்று இருக்கும். நானும் முதல் வருஷம் மேலாகப் பிரஷ் ஓட்டிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன்தான்.

பூனைதான் நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கிறதே, அப்புறம் ஏன் சிக்கு விழுகிறது என்று கேட்பாய். 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹு என்ற இருவர் பூனை நாக்கை ஆராய்ந்து எழுதினார்கள். நாக்கிலுள்ள முட்களின் நுனி குழிந்த கரண்டி மாதிரி இருக்கிறது, அது எச்சிலை அள்ளி முடியின் அடிவரை கொண்டுபோகிறது என்று கண்டுபிடித்தார்கள். புலி, சிங்கம்வரை பார்த்திருக்கிறார்கள். நாக்கு முள் தோல்வரை எட்டாமல் போனது பெர்சியனுக்குத்தான். மனிதன் தன் ஆசைக்கு முடியை நீளமாக வளர்த்துவிட்டான், நாக்கை நீட்ட மறந்துவிட்டான். அந்த மிச்ச வேலையைத்தான் உன் மகள் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறாள்.

வேலை ஒன்றும் புதிதல்ல. எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா அக்காவுக்குச் சிக்கெடுப்பது நினைவிருக்கிறதா? முடியின் அடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவாள். இழுப்பு அம்மாவின் கையோடு நின்றுவிடும், மண்டைக்குப் போகாது. பூனைக்கும் அதேதான். ஒரு பாதி அகலப் பல்லும் மறு பாதி நெருக்கப் பல்லுமாக இருக்கும் எஃகுச் சீப்பு வாங்கு. வகிடு எடுப்பதுபோல் முடியைப் பிரித்துத் தோல் தெரியவேண்டும், நுனியில் ஆரம்பித்து அடிவரை சீவு. சிக்கு வந்தால் சூப்பில் போடுகிற கார்ன்ஃப்ளார் மாவைக் கொஞ்சம் தூவி, விரலால் பிரித்து, அப்புறம் சீப்பு. ஒரே நாளில் முழுப் பூனையையும் முடிக்க நினைக்காதே. தினம் பத்து நிமிஷம், அதுவும் சாப்பிட்டுக் கிறங்கிக் கிடக்கும்போது. வால் தரையில் பட்பட்டென்று அடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடு.

கத்தரிக்கோலை மட்டும் கையில் எடுக்காதே. நான் எடுத்தேன். பஞ்சுவின் அக்குளில் நெல்லிக்காய் அளவு சடை. தையல் டப்பாவிலிருந்த சின்னக் கத்தரியால் ஒரே வெட்டு. பூனைத்தோல் மெல்லிசு, ஒட்டாமல் தளர்ந்திருக்கும். சடையைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடாரம்போல் எழும்பி அதற்குள் வந்துவிடும். பஞ்சு கத்தக்கூட இல்லை. என் விரலில் ஈரம் பட்டுப் பார்த்தால் ரத்தம். மூன்று தையல். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை, ஒன்றும் சொல்லாமல் தைத்தார். உன் தங்கச்சி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சிக்குப் பெரிதாகி, தோலோடு ஒட்டிக்கிடந்தால் டாக்டரிடம் மெஷினால் எடுக்கச் சொல். தேவைப்பட்டால் மயக்கம் கொடுப்பார்கள்.

குளிப்பாட்டுவது நீ நினைக்கிற அளவு முக்கியமில்லை. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். ஆனால் சிக்கெடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் சிக்கு இன்னும் இறுகிக் கயிறாகிவிடும். நம் ஷாம்பு வேண்டாம், பூனைக்கென்றே விற்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு அடிமுடிவரை ஈரம் போகத் துடைத்து உலர்த்து. எங்காவது வட்டமாக முடி கொட்டினால் டாக்டரிடம் காட்டிவிடு, படர்தாமரையாக இருக்கலாம். இந்த ஜாதிக்கு அது சகஜம், நமக்கும் ஒட்டிக்கொள்ளும். கண்ணோரம் வழிகிற பழுப்பு நீரை ஈரப் பஞ்சால் தினம் துடை, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு.

உன் வீட்டில் நாயும் இருப்பதால் இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வை. நாய்க்கு உண்ணிக்காக விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருக்கும். பூனைக்கு அது விஷம், நடுக்கம் வந்து வலிப்பில் போய் நிற்கும், உயிரே போகலாம். நாய்க்கு விட்டிருந்தாலும், இரண்டு மூன்று நாள் இரண்டையும் தனித்தனியாக வை.

இதையெல்லாம் போனில் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குச் சீப்பை ஒளித்துவைத்து வேடிக்கை பார்த்தவன், இப்ப பூனைக்குச் சிக்கெடுக்கிறானா?" என்றாள். ஒளித்துவைக்கச் சொன்னதே நீதான் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே வருகிறேன், நல்ல சீப்பு ஒன்று கொண்டுவருகிறேன். அதற்குள் அக்குளைத் தடவிப் பார்த்து எழுது.

உன் மச்சான்