பனியில் அமர்ந்த காகம்

அன்புள்ள மதிவதனி,

ஜப்பானிய மரப்பலகை அச்சுப்பட ஓவியர் ஒஹாரா கோசோனின் காகப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு துயரமான படத்தையா சித்தி, கூடத்தில் மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். பனி என்றால் சாவு, காகம் என்றால் அபசகுனம் என்று நீ போட்ட கணக்கை நான் ஏற்கவில்லை.

ஜப்பானியப் பழங்கதையில் காகம் வழிகாட்டி. மலைக்காட்டில் திகைத்து நின்ற, முதல் பேரரசர் என்று சொல்லப்படும் ஜிம்முவுக்கு முன்னால் பறந்து வழி காட்டியது ஒரு காகம்தான். குமானோ கோயில்களில் அது மூன்று கால்களோடு இன்றும் சின்னமாக இருக்கிறது. காதலிலும் அதற்கு இடம் உண்டு. 1760களில் சுசுகி ஹரூனோபு வரைந்த அச்சுப்படம் ஒன்றில், பனியில் ஒரே குடையின் கீழ் இருவர் நடக்கிறார்கள். அவன் கறுப்பு உடையில், அவள் வெள்ளை உடையில். 'காகமும் கொக்கும்' என்றே அந்தப் படத்தைச் சொல்கிறார்கள். பறவை ஒன்றுகூட அதில் இல்லை!

இணைவாத்து என்றால் தம்பதி, நாரை என்றால் நீண்ட ஆயுள் என்ற பட்டியல் உனக்குத் தெரிந்ததுதான். என்னைக் கட்டிப்போடுவது அந்த வெள்ளை. அச்சுப்படங்களில் பெரும்பாலும் பனியை யாரும் தீட்டுவதில்லை. செர்ரி மரப்பலகையில் பனிக்குரிய இடத்தைச் செதுக்குபவர் குடைந்து எடுத்துவிடுவார். அங்கே மை படாது; தாளின் வெண்மை அப்படியே நிற்கும். கொக்கின் இறகு, வெள்ளை ஆடையின் நெசவு போன்றவற்றுக்கு மை தடவாத பலகையில் ஈரத்தாளை வைத்து அழுத்தித் தேய்ப்பதும் உண்டு. நிறமே இல்லாமல் கோடுகள் புடைத்து எழும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கோசோனின் சாம்பல் வானமும் காகத்தின் கறுப்பும் சூழ்ந்து நிற்பதால்தான் வெறும் தாள் பனியாகிறது. காகத்தை எடுத்துவிட்டால் அந்தக் குளிரில் பாதி போய்விடும்.

சாவைத்தான் தேடுகிறாய் என்றால் ஹிரோஷிகேயிடம் போ. எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சிகள் வரிசையில் 1857இல் அவர் வரைந்த ஃபுகாகாவா சுசாகி படத்தில், மேல்விளிம்பை அடைத்துக்கொண்டு ஒரு கழுகு சிறகு விரித்திருக்கிறது. கீழே பனி மூடிய சதுப்புநிலம், தொலைவில் சுகுபா மலை. கழுகு பார்க்கும் திசையிலேயே உன் கண்ணையும் இறக்கு. நீரில் ஒரு மரத்தொட்டி தனியாக மிதக்கிறது. சவத்தை உட்கார்த்தி வைக்கும் வட்டத்தொட்டிகள் அக்காலத்தில் இருந்தன. இதுவும் அப்படி ஒன்று என்பார் உண்டு, வெறும் தொட்டி என்பாரும் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அன்புடன்,
சித்தி