பொது நூலக வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் இயங்கிவரும் வாசகர் வட்டங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் சிறு பதிப்பகத்திலிருந்து மூன்று புதிய நூல்கள் வெளிவந்திருக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஏராளமான நூல்கள் ஒரே நேரத்தில் குவியும்போது, விளம்பரத்துக்கு வழியில்லாத பதிப்பகத்தின் நூல் மேசையில் இருந்தும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஆகவே அந்தக் காலத்தைத் தவிர்த்து, ஆண்டு முழுவதும் படிப்பவர்களாகிய உங்களிடமே நேராக வருகிறோம்.

முதல் நூல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாய்மொழிப் பதிவு. தொகுத்தவர் உப்பளக் குடும்பமொன்றில் பிறந்த ஆசிரியை. பாத்தி மிதிப்பது முதல் உப்பை வாரி அம்பாரமாகக் குவிப்பது வரை ஒவ்வொரு வேலையையும் அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். உப்பை வாரும் வாருபலகையின் கம்பு எவ்வளவு நீளம் இருந்தால் இடுப்பு வலிக்காது, வெயில் ஏறிய பிறகு வெள்ளை உப்பைப் பார்த்துக் கூசும் கண்ணை எப்படிக் காப்பது, காலில் வெடிப்பு இருக்கும் நாளில் பாத்திக்குள் எப்படி இறங்குவது என்று ஒரு மூதாட்டி சொல்லும் பகுதியை, மெய்ப்புப் பார்த்தபோது நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம். அவர்களுடைய பேச்சு நடையைத் திருத்தாமல் அச்சிட்டிருக்கிறோம். எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருந்தால் அது வேறொருவருடைய நூலாக ஆகியிருக்கும்.

இரண்டாவது நூல் வெள்ளச் சிந்துப் பாடல்களின் தொகுப்பு. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் மலிவு விலைக்கு விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள், புயலையும் வெள்ளத்தையும் ரயில் விபத்தையும் கொலையையும் செய்தித்தாள் எட்டாத ஊர்களுக்குப் பாட்டாகக் கொண்டுபோயின. 1924ஆம் ஆண்டு காவிரியிலும் பவானியிலும் பெருகிய வெள்ளம் பற்றிய பாடல்கள் இத்தொகுப்பின் நடுப்பகுதி. ஊர்ப்பெயர், பாலம், இழப்பு என வரிசையாகப் பாடிச் செல்லும் அந்த வரிகளைக் கரையோர ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். சாணித்தாளில் அச்சான இவை மிச்சமிருப்பதற்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சேகரிப்புகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். எழுத்துப் பிழைகளை மூலத்தில் உள்ளபடியே விட்டு, அடிக்குறிப்பில் விளக்கியுள்ளோம்.

மூன்றாவது, ஓர் இளங்கவிஞரின் முதல் தொகுப்பு. கவிதையைப் பதிப்பாளர் விளக்குவது முறையன்று, படித்துப் பாருங்கள்.

ஒவ்வொன்றிலும் முந்நூறு படிகள் மட்டுமே அச்சிட்டிருக்கிறோம். பதிப்பாளர்கள் நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்னும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு படி எங்கள் செலவில் போய்ச் சேரும். மீதமுள்ளவற்றைக் கடைகள் வழியாக விற்றுவிடலாம்தான்; ஆனால் இவ்வளவு குறைந்த படிகளில், ஒரு வீட்டு அலமாரிக்குள் போகும் நூலைவிட நூலகத்துக்குள் போகும் நூல் பல மடங்கு பேரைச் சந்திக்கும். உப்பளத் தொழிலாளியின் மகள் தன் ஊர் கிளை நூலகத்தில் இந்த நூலை எடுத்துப் படிக்க முடியாவிட்டால் நாங்கள் இதை வெளியிட்டதில் பாதிப் பயன் இல்லை.

1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். அதே ஆண்டில் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியலுக்கான தம் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு சேர்த்து இன்று நூற்றுக்குப் பத்து என்ற அளவில் நாம் செலுத்தும் நூலக வரிதான் உங்கள் ஊர் நூலகத்தைத் தாங்குகிறது. வரி கட்டுகிற வாசகர், எந்த நூல் வேண்டும் என்று கேட்பதும் முறையே. நூலகங்களுக்கான கொள்முதல் பரிசீலனையில் பக்கக் கணக்கும் விலையும் எளிதில் தெரிந்துவிடும். உள்ளடக்கத்தைப் படித்தவர்தான் சொல்ல முடியும். அதனால் உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

எங்கள் வேண்டுகோள் இதுதான். கேட்கும் வட்டங்களுக்கு மூன்று நூல்களையும் பார்வைக்கு அனுப்பிவைக்கிறோம். 2025 மே முதல் அஞ்சல் துறை நூல்களுக்காக நடத்திவரும் ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாயும் ஐந்து கிலோ வரை 100 ரூபாயும் வரி தனியாக என்பதால், அந்தச் செலவை நாங்களே ஏற்க முடிகிறது. மாதக் கூட்டத்தில் ஒரு நூலையாவது எடுத்துப் பேசுங்கள். நூலகத்துக்குத் தகுதியானது என்று தோன்றினால் நூலகரிடம் எழுத்தில் பரிந்துரை கொடுங்கள். தகுதியில்லை என்று தோன்றினால் காரணத்தை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த பதிப்பைத் திருத்துவதற்கு அது உதவும். உப்பள நூலின் தொகுப்பாசிரியர் தென்மாவட்ட வட்டங்களுக்கு நேரில் வந்து பேச இசைந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாக இருந்தால் அவருக்கு வசதி. தலைப்பு, விலை, ஐஎஸ்பிஎன் ஆகியவை அடங்கிய பட்டியலை இம்மடலுடன் இணைத்துள்ளோம்.

அன்புடன்,
பதிப்பாசிரியர் குழு