பள்ளம் எங்கே என்று முதலில் பார்

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதமும் கூடவே அனுப்பிய மனைப்பிரிவு வரைபடமும் கிடைத்தன. பூங்காவை மேட்டில் வைத்திருக்கிறாய். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் பூங்கா மழைநீரைப் பிடித்து வைக்க வேண்டுமே, தண்ணீர் மேட்டுக்கு ஏறாதே! பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் தாழ்ந்த பக்கத்துக்கு மாற்று. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைப் போட்டு, மழைநீர் தானாக ஓடும் தடத்தைக் குறித்துவிட்டுத்தான் தெருவுக்கே கோடு போட வேண்டும்.

ஒரு கணக்கு பார். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 50 மி.மீ. மழை. புல்லும் மண்ணுமாக இருந்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வழிந்தோடும். நொடிக்கு 28 லிட்டர். அதே இடத்தில் தாரும் கான்கிரீட்டும் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும், 125 லிட்டர். வடிகாலை மட்டும் அகலமாக்கினால் அந்த வெள்ளம் கீழ்ப்பக்கத்துக்காரன் வாசலுக்கு இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். 2011 ஜூலை 2-ஆம் தேதி டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 150 மி.மீ. கொட்டியது. அடுத்த ஆண்டு அவர்கள் போட்ட திட்டத்தில் குழாய்களோடு, சில தெருக்கள் நீரைக் கடத்தவும் பூங்காக்கள் அதைப் பிடித்து வைக்கவும் இடம் ஒதுக்கினார்கள்.

தெருவோர மழைத்தோட்டம், அதாவது ஓடிவரும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் தாழ்ந்த செடிப்பாத்தி, பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குள் நீரை அனுப்பும் தார்ச்சாலை, கூரை ஆகியவற்றின் பரப்பில் 5 முதல் 10 விழுக்காடு அளவு போதும். மேலே 15-20 செ.மீ. நீர் நிற்க இடம். அதன்கீழ் 60 செ.மீ.க்குக் குறையாமல் மண். பெரும்பங்கு மணல், கொஞ்சம் மட்கிய உரம், களிமண் மிகக் குறைவு. அடியில் ஜல்லி, தேவைப்பட்டால் அதனுள் நீரை வடித்துக் கொண்டுபோகும் துளையிட்ட அடிக்குழாய். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே வடிகட்டும் துணி விரிக்கச் சொல்வார்கள், கேட்காதே. நுண்வண்டல் அதில்தான் அப்பி அடைக்கும். பொடி ஜல்லி 5 செ.மீ. பரப்பினாலே மண் இறங்காது. இதற்கெல்லாம் முன்பு, தோட்டம் வரும் இடத்தில் ஒரு குழி தோண்டி, ஒருமுறை நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுமுறை ஊற்றி எவ்வளவு இறங்குகிறது என்று அள. மணிக்கு 12 மி.மீ.க்கும் குறைவென்றால் அடிக்குழாய் இல்லாமல் ஆகாது. நின்ற நீர் 48 மணி நேரத்துக்குள் வடிய வேண்டும், இல்லையென்றால் கொசுப்பண்ணைதான்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் கெடுவது பெரும்பாலும் கட்டுமானத்தின்போதுதான். வீடுகள் முடியும் முன்பே தோட்டத்தைத் திறந்துவிட்டால் சிமென்ட்டும் சேறும் ஒரே மழையில் மண்ணை மூடிவிடும். அதுவரை ஓரக்கல் திறப்புகளை, அதாவது சாலை நீர் தோட்டத்துக்குள் நுழையச் சாலையோரக் கல்லில் விடும் இடைவெளிகளை, மணல்மூட்டை போட்டு அடைத்து வை. புல்டோசரையும் குழிக்குள் இறக்க விடாதே, இறுகிய மண் நீர் குடிக்காது. இன்னொன்று, திறப்புக்கு உள்ளே தரை சாலையைவிட 5 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக விட்டால் வண்டல் படிந்து, அதில் புல் முளைத்து, சின்ன அணையே கட்டிவிடும். தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டு நேரே போய்விடும்.

நடைபாதைக்கு நீர் இறங்கும் பேவர் கல் நல்லதுதான். இடுக்குகளில் பழக்கதோஷத்தில் மணலை நிரப்பிவிடுவார்கள், 2-5 மி.மீ. சில்லு ஜல்லிதான் போட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை உறிஞ்சு இயந்திரத்தால் சுத்தம் செய்யும் செலவைப் பராமரிப்புக் கணக்கில் இப்போதே எழுதிவிடு, பிறகு யாரும் தரமாட்டார்கள்.

குழிச் சோதனையின் அளவுகள் கைக்கு வந்ததும் எழுது. அடிக்குழாய் வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்