அடுக்களையை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் சங்க கால உணவு பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். முதலில் ஒரு திருத்தம். கட்டுரைக்கு வரைந்த படத்தில், இலையின் ஓரத்தில் இரண்டு வற்றல் மிளகாய் சிவப்பாகச் சிரிக்கின்றன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டருகே கரையிறங்கிய பிறகு, போர்த்துகீசியர் வழியாகத்தான் நம் பக்கம் வந்தது. சங்கப் புலவருக்குக் காரம் என்றால் மிளகு. 'கறி' என்பது அதன் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து, மாவடு ஊறுகாயோடு தருகிறார்கள். படிக்கும்போதே நாக்கில் நீர் ஊறுகிறது!

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மிளகாய்க்காக அல்ல. கட்டுரை முழுக்க உண்பவர்களே இருக்கிறார்கள், சமைத்தவர் எங்கே? கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் தின்று, கொல்லை உழுத ஏர்க்கொழுவைப் போலப் பல் மழுங்கிப்போன பொருநன் என்ற கலைஞனை ரசித்து எழுதியிருக்கிறீர்கள். சரி, வகுப்பில் அதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவள்தான் நானும். குறுந்தொகையின் 167ஆம் பாட்டை மட்டும் 'மோர்க்குழம்பின் முன்னோடி' என்று ஒரே வரியில் முடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கூடலூர் கிழார் குழம்பையா பாடினார்? புதுக்குடித்தனம் நடத்தும் பெண். கட்டித்தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்ததைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. 'துணியில் கை துடைப்பது அழுக்கில்லையா டீச்சர்?' என்று கேட்காத வகுப்பே இல்லை. அடுப்பில் தாளிப்பு கருகும்போது கை கழுவ ஏது நேரம் என்பேன்.

சிலம்பிலும் அப்படித்தான். கோவலனுக்குக் கண்ணகி சமைக்கும் கடைசிச் சாப்பாட்டில் இளங்கோ காய்களின் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. அரிவாள்மணையில் காய் அரிந்து விரல் சிவக்கிறது. அடைக்கலம் தந்த வீட்டுப் பெண் ஐயை மூட்டிய வைக்கோல் தீயின்முன் முகம் வியர்த்து, கண்ணும் சிவக்கிறது.

இன்னோர் அடுக்களையும் உண்டு. கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை. சிறுபாணாற்றுப்படையில் வருகிற அந்த வறிய வீட்டின் அட்டிலில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது, காளான் பூத்திருக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை வீட்டுக்காரி நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். வீமன் இயற்றிய சமையல் நூலின் முறை வழுவாமல் அரசன் நல்லியக்கோடன் படைக்கும் விருந்தும் இதே நூலில்தான் இருக்கிறது. அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியவர், பாணர் எந்த வீட்டிலிருந்து அந்த விருந்துக்குப் போனார்கள் என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

தொடரின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஓவியரிடம் சொல்லி அந்த இரண்டு மிளகாயையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் சாத்திய கதவு ஒன்றை வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்